சினத்தை வினையாக்குக!

குமுகாயத்தின் கேடுகளைக் கண்டும் சினங்கொள்ளாதவன் ஒன்று அக் கேடுகளால் ஊதியம் பெறுபவனாக இருத்தல் வேண்டும். அன்றி, அவற்றுக்குப் பழகி உணர்வு மரத்துப் போனவனாக இருத்தல் வேண்டும். இவ்விருவராலும் நாட்டுக்கு நன்மை இல்லை. ஆயின், சினங்கொள்ளும் மூன்றாமவனாலும் நன்மை விளைந்துவிடுவதில்லை என்பதே இன்று ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி.

தமிழ்நாட்டில் சினத்துக்குக் குறைவில்லை. மேடைதோறும் சினம் முழங்குகின்றது. சுவர்தோறும் சினம் ஒட்டப்படுகின்றது. அறிக்கைதோறும் சினம் அச்சேறுகின்றது. மேடை கலைந்த பின்னும், சுவரொட்டி மழையில் நனைந்து கிழிந்த பின்னும், அறிக்கை வந்த தாள் கடலை மடிக்கப் போன பின்னும், கேடு மட்டும் இருந்த இடத்தில் இருக்கின்றது. நேற்று மேடைக்கு முன்னின்று கையுயர்த்திய இளைஞன் இன்று காலை அதே தெருவில், அதே சாக்கடையைத் தாண்டி, அதே மதுக்கடையைக் கடந்து வேலைக்குச் செல்கின்றான். அவன் சினம் பொய்யன்று. அதற்கு ஒரு வேலை கொடுக்கப்படவில்லை. அவ்வளவே.

வெகுளியின் இலக்கணம்

தமிழர் வெகுளியை இழிவென்று தள்ளியவர் அல்லர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாக அதனை வைத்தார். நகையும் அழுகையும் உவகையும் மாந்தர்க்கு இயல்பானவாறே வெகுளியும் இயல்பு என்பது அதனால் விளங்கும். அது பிறக்கும் களன்களாக அவர் நான்கைச் சுட்டினார்: உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அடித்து அலைத்தல், கொல்லுதல் என்பன. இந் நான்கும் ஒருவர்க்குப் பிறர் இழைக்கும் கொடுமைகள். தன் பெயர் அழைப்பிதழில் இடம்பெறாமையும், தனக்கு மாலை விழாமையும், தன் கட்சிக்கு வெற்றி கிட்டாமையும் அவ் வரிசையில் இல்லை. கொடுமை கண்டு பிறப்பதே இலக்கணம் ஏற்ற வெகுளி.

திருவள்ளுவர் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தாரே எனின், அதனை அவர் துறவறவியலில் வைத்தமை கருதத்தக்கது. அங்கும் அவர் முதற்கண் சொல்வது, தன் சினம் செல்லக்கூடிய எளியவர் மேல் அதைச் செல்லவிடாமல் காப்பதே காவல் என்பது. வலியவன் முன் வாய்பொத்தி நின்றுவிட்டு, வீடு திரும்பி மனைவி மக்கள் மேல் பாயும் சினத்துக்கு வள்ளுவத்தில் இடமில்லை.

கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் நிறத்தையேயன்றி வெகுளியையும் உணர்த்தும் என்று தொல்காப்பிய உரியியல் கூறும். அடுப்பங்கரை அறிந்த எவர்க்கும் இவ்விரு நிறமும் பழக்கமானவை. கரி கறுத்திருக்கும், தணல் சிவந்திருக்கும். இரண்டும் ஒரே பொருளின் இரு நிலைகள். வெளியே கொட்டிய தணல் கூரையை எரிக்கும். அடுப்புக்குள் இட்ட தணல் சோறாக்கும். தீ இரண்டிடத்தும் ஒன்றே. அடுப்பு உண்டா இல்லையா என்பதே வேறுபாடு.

இதனை இரட்டைக் காப்பியங்களும் காட்டுகின்றன. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சினம் மதுரையை எரித்தது. முறை தவறிய அரசன் முன் நின்று, வழக்குரைத்து வென்ற பின்னரே அத் தீ எழுந்தது. ஆதலின் அவள் சினத்தில் குற்றம் காண்பார் இலர். ஆயினும், எரிந்த நகரில் மறுநாள் முறை செய்வார் யார் என்பதற்கு அத் தீயில் விடையில்லை. அடுத்த தலைமுறையின் கதை மணிமேகலை. அவள் புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்துள் புகுந்தாள், பசித்து வாடியோர்க்கு உணவளித்தாள், பின்னர்ச் சோழ மன்னனிடம் அச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குமாறு வேண்டினாள், அவ்வாறே ஆயிற்று. கொடுமைக்கென இருந்த இடம் அறத்துக்கென ஆயிற்று. தமிழ் மேடைகளில் கண்ணகி நாள்தோறும் நினைக்கப்படுகின்றாள், மணிமேகலை மறக்கப்படுகின்றாள். கண்ணகியின் தீயை மணிமேகலையின் கோட்டத்துள் கொண்டுசெல்ல வல்லவர் யார் என்பதே இற்றைக் குமுகாயத்தின் வினா.

நெல்லூர்ப் பெண்டிர்

இதற்கு விடை காப்பியத்தில் மட்டுமன்றி அண்மை வரலாற்றிலும் உண்டு. அன்று தமிழ்நாட்டின் வட எல்லையை அடுத்திருந்த நெல்லூர் மாவட்டத்தில், எழுத்தறியாத உழவுக் கூலிப் பெண்டிர் அவ் விடையை எழுதினர்.

1990ஆம் ஆண்டில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதன் வெற்றியைக் கண்டு பிற மாவட்டங்களிலும் அறிவொளிப் பணி பரவிற்று. 1991இல் தமிழ்நாட்டில் புதுக்கோட்டையிலும் ஆந்திரத்தில் நெல்லூரிலும் அப் பணி சூடுபிடித்தது. பகலெல்லாம் வயலில் உழைத்த பெண்டிர் இரவில் விளக்கொளியில் கூடி எழுத்துக் கற்றனர்.

அக் காலத்தில் ஆந்திரச் சிற்றூர்களில் சாராயம் சிறு பொதிகளில் அடைக்கப்பட்டு ஏறத்தாழ வீட்டு வாயிலுக்கே வந்துகொண்டிருந்தது. குடிநீர் கிடையாத ஊரிலும் சாராயம் தவறாமல் கிடைத்தது. கடைகளை ஏலம் எடுத்தவர்க்கு ஊதியம். ஏலம் விட்ட அரசுக்கு வருவாய். கணவன் கூலி கடைக்குச் சென்றமையால் அடுப்பு எரியாத வீடு பெண்ணுக்கு. குடித்தவர்கள் இரவுப் பள்ளியிலும் புகுந்து கலகம் செய்தனர். தொல்காப்பியர் சொன்ன நான்கு களன்களையும் அச் சாராயக் கடை ஒன்றே தந்தது: குடி நலிந்தது, பெண் அலைக்கப்பட்டாள், உறுப்பு ஊனமுற்றது, உயிரும் போயிற்று.

எழுத்துக் கற்பிக்கும் நூலில் சீதம்மா என்பாள் ஒருத்தியின் கதை பாடமாக இருந்தது. குடியால் அழிந்த குடும்பமும், அதனைக் கண்டு ஊர்ப் பெண்டிர் கூடிச் சாராயக் கடையை மூடுவித்தலும் அதன் பொருள். தூபகுண்டா என்னும் சிற்றூரின் பெண்டிர் அப் பாடத்தைப் படித்தனர். படித்ததோடு நில்லாமல், இது நம் ஊரில் ஏன் இயலாது என்று தமக்குள் வினவிக்கொண்டனர். சாராயம் ஏற்றி வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினர், கடை மூடப்பட்டது. அவ்வூர் உரோசம்மா என்னும் பெண்மணியின் பெயர் அதன்பின் மாநிலமெங்கும் அறியப்பட்டது.

அடுத்து நிகழ்ந்ததே தலையாயது. தூபகுண்டாவில் நடந்தது அடுத்த நிலைப் பாடநூலில், பெண்கள் ஒன்றுபட்டால் என்னும் பொருளுடைய தலைப்பில், ஒரு பாடமாயிற்று. ஓர் ஊர் செய்த வினை மறு ஊருக்குப் பாடம். அவ்வூர் அதனைப் படித்து வினையாக்கிற்று. இவ்வாறு ஊர் ஊராகக் கடைகள் மூடின. 1992இல் சாராயக் கடைகளின் ஏலத்தைத் தடுக்கப் பெண்டிர் பெருந்திரளாகக் கூடினர். ஏலம் பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. துடைப்பமும் மிளகாய்த் தூளும் அவர்தம் படைக்கலன்கள். தலைவர் என்று ஒருவரை மாலையிட்டு நிறுத்தியபின் தொடங்கிய கிளர்ச்சி அன்று அது. கட்சிகளும் கழகங்களும் பின்னரே வந்து துணைநின்றன.

சட்டம் சாய்ந்தது, குழு நின்றது

1993 ஏப்பிரலில் நெல்லூர் மாவட்டத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு அக்தோபரில் தடை ஆந்திர மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. 1994 தேர்தலில் மதுவிலக்கை உறுதிமொழியாகத் தந்த என். டி. இராமாராவ் பெருவெற்றி பெற்றார். 1995 சனவரியில் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. எழுத்தறியாப் பெண்டிரின் சினம் ஐந்தாண்டுக்குள் ஒரு மாநிலத்தின் சட்டமாயிற்று என்பது பெருமைக்குரிய வரலாறு.

ஆனால் வரலாறு அங்கு முடியவில்லை. 1997இல், வருவாய் இழப்பையும் கள்ளக் கடத்தலையும் கரணியமாகக் காட்டி, அடுத்த முதலமைச்சர் சந்திரபாபு அம் மதுவிலக்கை நீக்கினார். சாராயத் தடை எஞ்சியது; பிற மதுக்கடைகள் மீண்டும் திறந்தன. பெண்டிர் பெற்ற சட்டம் ஈராண்டுக்குச் சற்று மேல் வாழ்ந்து மாய்ந்தது. வெற்றி விழாவோடு வீடு திரும்பியவர்களாக அவர்கள் இருந்திருந்தால் நெல்லூரின் கதை இன்று எவர்க்கும் நினைவிராது.

சாராயக் கடை மூடிய ஊர்களில் பெண்டிர் பிறிதொன்றும் செய்திருந்தனர். கடைக்குச் செல்லாது மிஞ்சிய காசை என் செய்வது என்று அவர்கள் கூடி எண்ணினர். நாளுக்கு ஓர் உருபா எடுத்துவைப்பது என்று முடிவு செய்தனர். பொதுப்பு என்பது சேமிப்பைக் குறிக்கும் தெலுங்குச் சொல். அப் பெயரால் சிறுசிறு சேமிப்புக் குழுக்கள் எழுந்தன. ஓர் ஏடு, ஒரு பெட்டி, கிழமைதோறும் அல்லது திங்கள்தோறும் ஒரு கூட்டம். இவையே அக் குழுக்களின் உடைமை. மகள் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ விதைக்கோ வட்டிக்காரனிடம் செல்லாமல் தமக்குள்ளேயே கடன் பெற்றனர். பின்னாளில் நாட்டிலேயே மிகுதியான தன்னுதவிக் குழுக்கள் உள்ள மாநிலங்களுள் ஒன்றாக ஆந்திரம் விளங்கியதற்கு நெல்லூரின் அவ் ஓர் உருபாவும் ஒரு வித்து.

1997இல் சட்டம் சாய்ந்தபோது இக் குழுக்கள் சாயவில்லை. அரசு தந்ததை அரசே எடுத்துக்கொள்ளலாம். மக்கள் தாமே கட்டியதை எடுத்துக்கொள்ள ஓர் ஆணை போதாது. நெல்லூர் கற்பிக்கும் முதற்பாடம் இதுவே.

குழு என்றமைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கொள்வதும் தவறு. இதற்கும் ஆந்திரமே சான்று. பெண்டிர் தம் காசைச் சேர்த்துத் தமக்குள் கடன் கொடுத்த குழு வேறு. வெளியிலிருந்து வந்த குறுங்கடன் நிறுவனங்கள் தம் கடனைத் தண்டுவதற்காகத் திரட்டிய குழு வேறு. பின்னதில் ஒருத்தியின் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்னும் கயிறு நெருக்குகயிறாக மாறியது. கடுவட்டியும் கடுந்தண்டலும் தாங்காது பலர் உயிர் மாய்த்துக்கொண்டனர். 2010 அக்தோபரில் ஆந்திர அரசு அந் நிறுவனங்களை அடக்க அவசரச் சட்டமே பிறப்பிக்க நேர்ந்தது. பெட்டி யாருடையது, ஏடு யார் கையில் என்னும் இரு வினாக்களை நாள்தோறும் கேட்டுக்கொள்ளாத அமைப்பு பிறர் கைக்குப் போய்விடும்.

வினையாவது எவ்வாறு?

நெல்லூர்ப் பெண்டிரின் சினம் வினையானமைக்கு உரிய கூறுகளைப் பகுத்து நோக்குதல் பயன் தரும்.

ஒன்று, அவர்கள் கேட்டுக்குப் பெயர் வைத்தனர். குமுகாயம் கெட்டது, காலம் கெட்டது என்று பொதுப்பட வருந்துவோர்க்குச் செய்வதற்கு ஒன்றும் இராது. நம் ஊர்ச் சாராயக் கடை, இந்தத் தெரு முனையில் உள்ளது, இத்தனை மணிக்குத் திறக்கின்றது என்று சுட்டிச் சொல்லும்போதே வினைக்கு வழி பிறக்கின்றது. பெரிய கேட்டைப் பேசிப் பேசிக் களைத்தவர் பலர். சிறிய கேட்டைப் பிடித்து முடித்தவர் சிலரே.

இரண்டு, அவர்கள் கூடுவதற்கு ஓர் இடமும் ஒரு பொழுதும் முன்னமே இருந்தன. இரவுப் பள்ளி சாராயத்தை எதிர்க்க அமைந்ததன்று. எழுத்துக் கற்க அமைந்தது. ஆயினும் நாள்தோறும் கூடும் பழக்கமே அவர்களுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் நம்பக் கற்றுக்கொடுத்தது. தனித்து அழுத பெண் பிறர் கண்ணிலும் அதே கண்ணீரைக் கண்டபோதுதான், இது தன் தலையெழுத்தன்று, பிறர் செய்யும் கொடுமை என்று உணர்ந்தாள். கூடாத சினம் புலம்பலாகும். கூடிய சினமே வலிமையாகும்.

மூன்று, அவர்கள் அறிவைத் துணைக்கொண்டனர். கணக்குத் தெரிந்தபின்தான் கூலியில் எவ்வளவு கடைக்குச் செல்கின்றது என்பது எண்ணாகத் தெரிந்தது. எண்ணாத சினத்தை எதிரி எளிதில் ஏய்ப்பான். எண்ணிவந்த சினத்துக்கு அவன் விடை சொல்லியாக வேண்டும்.

நான்கு, அவர்கள் இடித்த இடத்தில் கட்டினர். கடையை மூடியதோடு நிற்காமல், கடைக்குச் சென்ற காசுக்கு வேறு வழி வகுத்தனர். தீய பழக்கம் ஒன்றை நீக்கிய இடம் வெற்றிடமாக இருப்பின் அதுவே திரும்ப வந்து குடியேறும்.

அவ் வியக்கத்திலும் வழுக்கல் இல்லாமல் இல்லை. சில ஊர்களில் குடித்தவரின் தலையை மழித்துக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டனர். அச் செயலுக்கு ஊர் சிரித்திருக்கும். அதனால் குடிநோய் தீர்ந்திராது. குடிப்பவன் கொடுமைக்குக் கருவியாவதோடு அதற்கு இரையும் ஆனவன். அவனை இழிவுபடுத்தும் சினம், செல்லுமிடத்தில் காவாத சினமே. ஏலம் எடுத்தவன் மாளிகையில் இருக்க, ஏமாந்து குடித்தவன் கழுதைமேல் இருப்பது முறையாகாது.

புதுக்கோட்டையின் பெண்டிரும் இவ்வழியே நடந்தனர். அங்கு அறிவொளிப் பணியோடு மிதிவண்டி ஓட்டப் பயிற்றுவித்தனர். பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்டிர் ஏளனத்தைப் பொருட்படுத்தாது கற்றனர். பிறரை எதிர்பார்த்துக் காத்திருந்த பெண் தானே சந்தைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் செல்லலானாள். ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு உழைத்த கல்லுடைக்கும் பெண்டிர் குழுவாகக் கூடிக் கற்சுரங்கங்களையே குத்தகைக்கு எடுத்தனர். மாவட்ட ஆட்சியராக இருந்த சீலாராணி சுங்கத்து அதற்குத் துணைநின்றார். ஊதியம் இழந்த ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் எதிர்த்துப் போராடியதும் அவ் வரலாற்றின் பகுதியே. ஆக்கப்பணி என்பது எதிர்ப்பில்லாத மென்பணி என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

இரு மறுப்புகள்

ஆக்கப்பணி போராட்டத்தின் கூர்மையை மழுக்கிவிடும் என்று கூறுவோர் உளர். குழு அமைத்துக் காசு சேர்க்கச் சொல்வது மக்களை அமைதிப்படுத்தும் வழி என்பது அவர்தம் கருத்து. ஆட்சியாளர் மக்கள் சினத்தைத் தணிக்கவே சில நேரங்களில் குழுக்களை அமைக்கின்றனர் என்பது உண்மைதான். ஆனால் நெல்லூரில் எது முன், எது பின் என்று பார்க்க வேண்டும். இரவுப் பள்ளி என்னும் ஆக்கப்பணியே போராட்டத்தைப் பெற்றெடுத்தது. போராட்டமே சேமிப்பு என்னும் ஆக்கப்பணியைப் பெற்றெடுத்தது. மரத்தின் வேர் கிளைக்குப் பகையாவதில்லை. வேர் இல்லாப் போராட்டமே முதற் காற்றில் சாய்வது.

அரசு செய்யவேண்டியதை மக்கள் ஏன் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. வரி வாங்கும் அரசு தன் கடமையைச் செய்தேயாக வேண்டும். அதனை விட்டுக்கொடுக்கச் சொல்வாரில்லை. ஆயின், அரசைச் செய்யவைப்பதற்கும் மக்களிடம் ஓர் அமைப்பு வேண்டும். தனியொருவன் எழுதும் விண்ணப்பம் அலுவலகத்து மூலையில் உறங்கும். நாற்பது பெயர் ஒப்பமிட்டு, திங்கள்தோறும் தவறாமல் வந்து அதன் நிலை கேட்கும் குழுவின் விண்ணப்பம் உறங்குவதில்லை.

தமிழ்நாட்டின் நிலை

தமிழ்நாட்டின் மதுவிலக்கு வரலாறு ஓர் ஊசல். 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி 1948இல் சென்னை மாநிலம் முழுமையும் பரவிய மதுவிலக்கு, 1971இல் தளர்த்தப்பட்டது; 1974இல் மீண்டது; 1981இல் கடை மறுபடி திறந்தது. 1983இல் மொத்த விற்பனைக்கென அரசு வாணிபக் கழகம் அமைந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. ஒரு தலைமுறை கண்ட சட்டத்தை மறு தலைமுறை காணவில்லை. ஊசலை ஆட்டும் கை ஆட்சியாளர் கையாகவே இருந்தமையால், மக்கள் சினம் அந்தந்தத் தேர்தலோடு எழுந்து அடங்கிற்று.

2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த நச்சுச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் இரையாயினர். நாடே கொதித்தது. இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலக்கம் உருபா அறிவிக்கப்பட்டது; தண்டனையைக் கடுமையாக்கச் சட்டம் திருத்தப்பட்டது. இவை வேண்டியவையே. ஆனால் அன்று கொதித்தவர்களுள் எத்தனை பேர் தம் தெருவில் ஒரு குழு அமைத்தனர்? கள்ளச் சாராயம் காய்ச்சுபவன் எங்கிருக்கின்றான் என்பது காவலர்க்குத் தெரியுமுன் தெருவுக்குத் தெரியும். தெருவுக்கு வாய் இல்லாமையாலேயே அத்துணை உயிர் போயிற்று. தெருவுக்கு வாய் தருவது அமைப்பு ஒன்றே.

செய்யத்தக்கவை அரியன அல்ல. ஒவ்வொரு தெருவிலும் ஐந்து பேர் போதும். கிழமைக்கு ஒரு நாள், மாறாத ஒரு பொழுதில், கோயில் மண்டபத்திலோ பள்ளித் திண்ணையிலோ கூடுக. மழை வந்தாலும் கூடுக. இருவரே வந்தாலும் கூடுக. முதல் திங்களில் வேறொன்றும் வேண்டா. தெருவின் குறைகளை ஓர் ஏட்டில் எழுதுக. குடியால் நலிந்த வீடு எத்தனை, படிப்பை விட்ட பிள்ளை எத்தனை பேர், எரியாத விளக்கு எத்தனை, தூர்ந்த வாய்க்கால் எவ்வளவு நீளம் என எண்ணி எழுதுக. பின்னர் அவற்றுள் மிகச் சிறியதை, ஆறு திங்களில் முடிக்கக்கூடியதை எடுத்துக்கொள்க. முடித்துக் காட்டிய சிறுவினை, முழங்கிய பெருஞ்சொல்லைக் காட்டிலும் மக்களை மிகுதியாக ஈர்க்கும்.

குடிநோயாளியின் வீட்டுப் பிள்ளைக்கு மாலைப் பொழுதில் ஒரு விளக்கும் ஓர் ஆசிரியரும் தருக. குடியை விட விரும்புபவனை ஏளனமின்றி அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்க. திரும்பி வந்தபின் அவன் மாலைப் பொழுதுகளுக்குத் துணையிருக்க. சிற்றூரவை சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடும். அந் நாள்களில் மக்கள் வாராமையே ஊர்க்கேட்டுக்குப் பாதி கரணியம். ஏட்டோடு செல்க, எண்ணோடு பேசுக, முடிவை எழுத்தில் பெறுக. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பத்து உருபாக் கட்டணத்தில் எந்த அரசு அலுவலகத்தையும் வினவும் உரிமையைத் தந்துள்ளது. அவ் வினாவைத் தூய தமிழில் எழுதத் தமிழாசிரியர் ஒருவர் ஒவ்வொரு குழுவுக்கும் துணைநிற்கலாம். புலமைக்கு அதனினும் சிறந்த பயன் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வரவு செலவு ஏட்டை எல்லாரும் காணத் திறந்து வைக்க. பொதுப்பணத்தில் ஒரு காசு மறைந்தால் குழுவில் ஒருவர் மறைவார். தமிழ் அமைப்புகள் பல கொள்கை வேறுபாட்டால் உடைந்தன என்று சொல்லப்படுவதுண்டு. அவற்றின் கணக்கேடுகளைப் புரட்டினால் வேறு கரணியமும் தெரியக்கூடும்.

சினம் கொண்டோர் ஒரு மாலைக்குள் வெற்றி வேண்டுகின்றனர். கிட்டாதபோது மக்களையே பழிக்கின்றனர். தூபகுண்டாப் பெண்டிர் மக்களைப் பழிக்கவில்லை, அவர்களே மக்கள். பகலில் நாற்று நட்ட கையாலேயே இரவில் எழுத்து எழுதினர். அக் கையாலேயே கடைக் கதவைச் சாத்தினர். அக் கையாலேயே நாளுக்கு ஓர் உருபாவை எடுத்துவைத்தனர். சட்டம் வந்தபோதும் போனபோதும் அவர்கள் ஏட்டில் வரவு எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது.

தமிழ் இளைஞர் நெஞ்சில் இன்றும் தணல் உண்டு. அதனை ஊதி ஊதிப் பறக்கவிடுவோர் பலர். அடுப்பு மூட்டுவோர் சிலர். அச் சிலரோடு சேர்க. வருகின்ற கிழமையிலேயே ஐந்து பேர் கூடுக, ஏட்டின் முதற் பக்கத்தில் நாளை எழுதுக, வினை தொடங்குக!